குளவி, தேனீ, எறும்பு: மூன்று கிளைகளா, ஒரே கிளையா?

செவ்வந்தி

மாணவர்களுக்காகப் பூச்சி வகைப்பாட்டைக் காட்டும் பெரிய சுவர்ப்படம் ஒன்று வரைந்துகொண்டிருக்கிறேன். ஹைமனாப்டிரா வரிசைக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. என்னிடம் இருக்கும் புத்தகங்கள் எல்லாம் ஒரு தண்டு, அதிலிருந்து மூன்று கிளைகள் என்று காட்டுகின்றன: குளவி, தேனீ, எறும்பு. அண்மையில் படித்த கட்டுரை ஒன்றோ, தேனீயும் எறும்பும் குளவிகளுக்குள்ளேயே அடக்கம் என்கிறது. இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க முடியாதே. எதை வரைவது? விவரம் தெரிந்தவர்கள் காரணத்தோடு சொல்லுங்கள்.

வளைகொம்பன்

கட்டுரை சொல்வதுதான் சரி. மூன்று கிளைப் படத்தைத் தயவுசெய்து வரையாதீர்கள்.

மண்கூடு கட்டும் குளவிகளைப் பாருங்கள். ஸ்கெலிஃப்ரான் பேரினம் சிலந்திகளைக் கொட்டிச் செயலிழக்கச் செய்து, குழாய் குழாயாக ஒட்டிய மண் அறைகளில் அடைத்து வைக்கிறது. யூமெனஸ் பேரினம் சிறு பானை வடிவில் கூடு கட்டி, அதில் இலை தின்னும் புழுக்களை நிரப்புகிறது. இரண்டும் மண் குழைக்கின்றன, இரண்டும் தனித்தே வாழ்கின்றன, இரண்டுக்கும் நாம் வைத்திருக்கும் பெயர் குளவி. ஆனால் ஸ்கெலிஃப்ரானுக்கு யூமெனஸைவிடத் தேனீயே நெருங்கிய உறவு. யூமெனஸ், காகிதக் கூடு கட்டும் குளவிகளும் கதண்டுகளும் அடங்கிய வெஸ்பிடே குடும்பத்தைச் சேர்ந்தது. மண் குழைக்கும் வித்தையை இரு வம்சங்களும் தனித்தனியே கற்றுக்கொண்டன.

எறும்பு இன்னும் வியப்பானது. உடலமைப்பை மட்டும் வைத்துப் பார்த்த காலத்தில் எறும்பைக் கதண்டுகளின் பக்கம் சேர்த்து வைத்திருந்தார்கள். 2013-இல் வெளிவந்த மரபணுத்தொகுதி ஆய்வு ஒன்று அதை மாற்றியது. 2017-இல் வந்த இரண்டு பெரிய ஆய்வுகள் உறுதிசெய்தன. எறும்புக்கு அடுத்த உறவு ஏபாய்டியா என்னும் கூட்டம். ஸ்கெலிஃப்ரான் போன்ற வேட்டைக் குளவிகளும் எல்லாத் தேனீக்களும் சேர்ந்ததே அது. அதாவது, எறும்புக்குக் கதண்டைவிடத் தேனீ நெருக்கம்.

ஆகவே குளவிக்கென்று ஒரு கிளையை வெட்டி எடுக்க வழியே இல்லை. தேனீயையும் எறும்பையும் கழித்த பிறகு மிஞ்சியவற்றைத்தான் நாம் குளவி என்று அழைத்து வருகிறோம்.

நிலத்துளி

பயிர்ப் பாதுகாப்பில் வேலை செய்பவன் என்ற முறையில் ஒரு மறுப்பு. வகைப்பாட்டியலில் நீங்கள் சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் குளவி என்றதும் எதிரில் இருப்பவருக்கு உடனே ஒன்று புரிகிறது: வேட்டையாடும், அல்லது வேறொரு பூச்சியின் உடலில் முட்டையிடும், மகரந்தம் சேர்க்காது. அந்தப் பயனை ஏன் இழக்க வேண்டும்? பரிணாமக் கணக்கில் தவளை, பறவை, மனிதன் எல்லாருமே மீன்களின் கிளைக்குள் வருகிறோம். அதற்காக யாரும் மீன் என்ற பெயரைக் கைவிடவில்லை.

வளைகொம்பன்

பெயரைக் கைவிடச் சொல்லவில்லை, நிலத்துளி. பேச்சில் தாராளமாக இருக்கட்டும். வம்சாவளி காட்டும் படத்தில் அதை ஒரு கிளையாக வரைந்தால் நடக்காத ஒரு வரலாற்றை நாம் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். மூன்று கிளைப் படத்தைப் பார்க்கும் மாணவி என்ன நினைப்பாள்? பழங்காலத்தில் குளவியும் அல்லாத, தேனீயும் அல்லாத ஏதோ ஒன்று மூன்றாகப் பிரிந்தது என்று நினைப்பாள். நடந்ததோ வேறு. குளவிகள் பத்து கோடி ஆண்டுகளுக்கும் மேலாகக் குளவிகளாகவே வாழ்ந்து பெருகியிருந்தன. அவற்றில் ஒரு வம்சம் பூவுக்குப் போனது, இன்னொன்று தரைக்கு இறங்கியது. இந்தக் கதையின் சுவையே அதில்தான் இருக்கிறது.

செவ்வந்தி

இப்போது தெளிவாகிறது, நன்றி. அப்படியானால் அடித்தண்டில் யார்? எல்லாவற்றுக்கும் முன்னால் இருந்தவை எப்படிப்பட்டவை?

அம்பர்விழி

எனக்குப் பிடித்த இடத்துக்கு வந்துவிட்டீர்கள். கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அடியில் இருப்பவை ரம்பப்பூச்சிகள். இவற்றுக்கு இடுப்பு கிடையாது. மார்பும் வயிறும் ஒரே அகலத்தில் சேர்ந்திருக்கும். பெண்ணின் முட்டையிடும் உறுப்பு ரம்பம் போன்ற பற்களோடு இருக்கும்; இலையைக் கீறி உள்ளே முட்டை வைக்கும். புழுக்கள் இலை தின்னும். வண்ணத்துப்பூச்சிப் புழுவென்றே தோன்றும், ஆனால் வயிற்றுப் பகுதியின் போலிக்கால்களை எண்ணிப் பாருங்கள். வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சிப் புழுக்களுக்கு அதிகபட்சம் 5 இணை. ரம்பப்பூச்சிப் புழுவுக்கு 6 அல்லது அதற்கும் மேல்.

இந்த வரிசையின் மிகப் பழைய புதைபடிவங்கள் டிரையாசிக் காலத்தவை. மத்திய ஆசியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் கிடைத்தவை, 23 கோடி ஆண்டுப் பழமை. எல்லாமே சைலிடே என்னும் ரம்பப்பூச்சிக் குடும்பம். அந்தக் குடும்பம் இன்றும் உயிரோடு இருக்கிறது. மரபணு ஒப்பீட்டின்படி வரிசையின் தொடக்கம் இன்னும் பின்னால், ஏறத்தாழ 28 கோடி ஆண்டுகளுக்கு முன். அன்று பூக்களே கிடையாது.

அடுத்த திருப்பம் மரத்துக்குள் நடந்தது. மரக்குளவிகள் தண்டைத் துளைத்து முட்டையிடுகின்றன. அவற்றின் புழு மரத்துக்குள் வளர்கிறது. ஒருசிடே என்னும் சிறு குடும்பம் உருவத்தில் மரக்குளவியைப் போலவே இருக்கும், இடுப்பும் கிடையாது. ஆனால் அதன் புழுக்கள் மரம் துளைக்கும் வண்டுகளின் புழுக்களைத் தின்று வளர்கின்றன. மரத்துண்டிலிருந்து மாமிசத்துக்கு மாறிய அந்தத் தருணத்தை இந்தக் குடும்பம் இன்றுவரை காட்டிக்கொண்டிருக்கிறது. இடுப்புள்ள அத்தனை குளவிகளுக்கும், தேனீக்களுக்கும், எறும்புகளுக்கும் மிக நெருங்கிய உறவு இந்த ஒருசிடேதான். பிற பூச்சியின் உடலைத் தின்று வளரும் வாழ்க்கை இந்த வரிசையில் ஒரே ஒருமுறைதான் தோன்றியது என்பதே இன்றைய முடிவு.

அதற்குப் பிறகு வந்தது இடுப்பு. வெளியே தெரியும் அந்த ஒடுக்கம் மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே இல்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வயிற்றின் முதல் கண்டம் முன்னால் போய் மார்போடு ஒட்டிக்கொண்டது. ஒடுக்கம் முதல் கண்டத்துக்கும் இரண்டாம் கண்டத்துக்கும் இடையில் இருக்கிறது. வயிற்றை எந்தப் பக்கமும் வளைத்து, முட்டைக்குழலை வேண்டிய இடத்தில் செலுத்த இது வழிசெய்தது. எறும்பின் இடுப்பும் தேனீயின் இடுப்பும் அங்கிருந்து வந்த சொத்துதான்.

நிலத்துளி

இதோடு ஒன்றைச் சேர்க்கிறேன், புழுவின் குடல். இடுப்புள்ள இந்தக் கூட்டத்தில் புழுவின் நடுக்குடல் பின்குடலோடு வளர்ச்சியின் இறுதிவரை பெரும்பாலும் இணைவதில்லை. தின்று முடித்து, கூட்டுப்புழுவாக மாறும் சமயத்தில்தான் சேர்ந்திருந்த கழிவு மொத்தமாக வெளியேறும். உயிருள்ள உடலுக்குள் இருந்துகொண்டு அந்த உணவையே அசுத்தப்படுத்தாமல் இருக்க இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. மெழுகு அறைக்குள் வளரும் தேனீப் புழுவுக்கும் அதே குடல்தான். முன்னோர் வாழ்ந்த விதத்தை உடல் அவ்வளவு எளிதில் மறப்பதில்லை.

செவ்வந்தி, இன்னொரு வேண்டுகோள். சுவர்ப்படங்களில் எப்போதும் கதண்டும் தேனீயும் பெரிதாக இருக்கும். ஒட்டுண்ணிக் குளவிகளுக்கு ஒரு மூலை ஒதுக்கினால் அதிசயம். உண்மையில் இந்த வரிசையின் பெரும்பகுதி அவைதான். இதுவரை பெயரிடப்பட்ட ஹைமனாப்டிரா இனங்கள் 1,50,000-க்கும் மேல். அதில் இக்னூமோனிடே என்ற ஒரே ஒரு ஒட்டுண்ணிக் குடும்பத்தில் மட்டும் சுமார் 25,000. எல்லா எறும்புகளையும் சேர்த்தாலே 14,000 சொச்சம்தான், எல்லாத் தேனீக்களும் சேர்ந்து 20,000 சொச்சம்.

பெயரிடப்படாதவை இன்னும் பல மடங்கு. பூச்சிகளில் வண்டுகளே அதிகம் என்று நாம் படித்திருக்கிறோம். 2018-இல் ஓர் ஆய்வுக் குழு வேறு விதமாகக் கணக்கிட்டது: ஒவ்வொரு தாவர உண்ணிப் பூச்சிக்கும் எத்தனை ஒட்டுண்ணிக் குளவிகள் அதற்கென்றே இருக்கின்றன என்று பார்த்தது. வண்டுகளைப்போல் இரண்டரை முதல் மூன்று மடங்குவரை ஹைமனாப்டிரா இருக்கக்கூடும் என்பது அவர்கள் மதிப்பீடு. பயிரில் அன்றாடம் இவற்றைப் பார்க்கும் எனக்கு அது மிகையாகத் தோன்றவில்லை. ஒரே அந்துப்பூச்சிக்கு முட்டையைத் தாக்கும் குளவி ஒன்று, புழுவைத் தாக்குவது ஒன்று, கூட்டுப்புழுவைத் தாக்குவது வேறொன்று. அந்தக் குளவிகளையே தாக்கும் குளவிகளும் உண்டு.

சாதாரண ஒட்டுண்ணிக்கும் இவற்றுக்கும் ஒரு வேறுபாடு: பேனோ உண்ணியோ தான் வாழும் உடலைக் கொல்வதில்லை, இவை கடைசியில் கொன்றுவிடுகின்றன. அதனால்தான் இவை விவசாயத்துக்கு இவ்வளவு முக்கியம். 1970-களில் தென் அமெரிக்காவிலிருந்து ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்த மாவுப்பூச்சி மரவள்ளியை அழித்துக்கொண்டே போனது. அதன் பூர்விகப் பகுதியில் தேடிக் கண்டுபிடித்த அனாகைரஸ் லோபெசி என்ற சிறு குளவியை 1981-இல் நைஜீரியாவில் விட்டார்கள். பிறகு அது நாடு நாடாகப் பரவி மாவுப்பூச்சியை அடக்கியது. இந்தப் பணிக்காக ஹான்ஸ் ஹெரனுக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அந்தக் குளவிக்கு உங்கள் படத்தில் இடம் உண்டா?

செவ்வந்தி

நிச்சயம் உண்டு. ஒட்டுண்ணிக் குளவிகளின் அளவைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. எவ்வளவு சிறியவை?

அம்பர்விழி

மெகாஃப்ராக்மா என்னும் குளவியின் நீளம் 0.2 மில்லிமீட்டர். ஒற்றைச் செல் உயிரியான பாரமீசியத்தின் அளவுதான். அதற்குள் கண், சிறகு, குடல், மூளை எல்லாம் இருக்கின்றன. இடத்தை மிச்சப்படுத்த அதன் நரம்புச் செல்களில் மிகப் பெரும்பாலானவை முதிர்ந்ததும் உட்கருவையே இழந்துவிடுகின்றன. பெரும்பாலும் உட்கரு இல்லாத அந்த மூளையோடு பறந்து, தான் முட்டையிட வேண்டிய வேறொரு பூச்சியின் முட்டையைத் தேடிக் கண்டுபிடிக்கிறது.

வளைகொம்பன்

பிராக்கோனிடே என்ற ஒட்டுண்ணிக் குளவிக் குடும்பத்தையும் விட்டுவிடக் கூடாது. அதில் ஒரு பெருங்கிளை முட்டையோடு சேர்த்து வைரஸ் துகள்களையும் புழுவின் உடலில் செலுத்துகிறது. அந்தத் துகள்கள் புழுவின் நோயெதிர்ப்பை முடக்குகின்றன. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு வைரஸ் குளவியின் மரபணுத்தொகுதிக்குள் நுழைந்து அங்கேயே தங்கிவிட்டதன் விளைவு இது. இன்று அதைத் தயாரிப்பது குளவியின் சினைப்பையே.

செவ்வந்தி

கொடுக்கு எங்கே வருகிறது? அப்புறம், மாமிசம் ஊட்டி வளர்த்த குளவி எப்படிப் பூவுக்குப் போனது? இந்த இடம்தான் எனக்கு நம்பவே கடினமாக இருக்கிறது.

வளைகொம்பன்

கொடுக்கு என்பது முட்டைக்குழலின் மறுபிறவி. ஒட்டுண்ணிக் குளவிகளில் ஒரு வம்சம் அந்தக் குழலை நஞ்சு செலுத்த மட்டும் வைத்துக்கொண்டது. முட்டை அதன் அடிப்பக்கத்தில் வேறு வழியாக வெளியே வருகிறது. இந்த வம்சத்தின் பெயர் அக்குலியாட்டா. நாம் பேசிய கதண்டு, மண்கூட்டுக் குளவி, தேனீ, எறும்பு எல்லாம் இதற்குள்தான். ஆண்கள் கொட்டாததற்கும் இதுவே காரணம், அவர்களிடம் முட்டைக்குழல் ஏது?

பூவுக்குப் போன கதைக்கு 2018-இல் வந்த ஆய்வு ஒன்று நல்ல தடயம் தந்தது. தேனீக்களுக்கு மிக நெருங்கிய உறவாக அது காட்டியது அம்மோப்ளானிடே என்ற மிகச் சிறிய வேட்டைக் குளவிகளை. அவை தம் புழுக்களுக்குப் பிடித்து வைக்கும் இரை இலைப்பேன் (த்ரிப்ஸ்) என்னும் நுண்பூச்சி. இலைப்பேன்கள் பூக்களில் திரள்பவை, பல இனங்கள் மகரந்தமே தின்பவை. பூவில் பிடித்த இரையோடு மகரந்தமும் கூட்டுக்கு வந்து சேர்ந்திருக்கும். புழு இரண்டையும் தின்றிருக்கும். காலப்போக்கில் இரை குறைந்து மகரந்தம் கூடியிருக்கும். இது கருதுகோள்தான், என்றாலும் உறவுமுறையோடு அழகாகப் பொருந்துகிறது. காலம் ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகளுக்கு முன், பூக்கும் தாவரங்கள் பெருகத் தொடங்கிய கிரெட்டேசியஸ்.

நம்பக் கடினமாக இருக்கிறது என்றீர்களே. இந்த மாற்றம் வேறு இடங்களிலும் நடந்திருக்கிறது. வெஸ்பிடேயில் மசாரினே என்ற கூட்டம் மகரந்தமும் தேனும் ஊட்டித்தான் புழுக்களை வளர்க்கிறது. இலங்கையில் வாழும் குரோம்பெய்னிக்டஸ் என்ற வேட்டைக் குளவி உறவினமும் அப்படியே. எதிர்த்திசைப் பயணமும் உண்டு: ட்ரைகோனா ஹைபோஜியா என்ற கொடுக்கில்லாத் தேனீ மகரந்தத்தை விட்டுவிட்டுச் செத்த விலங்குகளின் இறைச்சியைத் தின்கிறது. தேனீ என்றால் சாது, குளவி என்றால் கொடியது என்ற பிரிவினை எவ்வளவு மேலோட்டமானது என்பதற்கு இந்தத் தேனீ ஒன்றே போதும்.

இன்னொன்றையும் படத்தில் காட்டுங்கள். 20,000 தேனீ இனங்களில் தேன்கூடு கட்டும் ஏபிஸ் பேரினம் பத்து இனங்கள் அளவுக்குத்தான். மிகப் பெரும்பாலான தேனீக்கள் தனியாக வாழ்பவை. மண்ணிலோ, மரப்பொந்திலோ, உள்ளீடற்ற தண்டிலோ ஒரு தாய் தனியே கூடமைத்து முட்டையிடுகிறாள்.

தளிர்நடை

கூட்டு வாழ்க்கையைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லையே. அது ஏன் தோன்றியது என்பதற்கு விடை இந்த வரிசையின் பாலின முறையிலேயே இருக்கிறது. கருவுறாத முட்டை ஆணாகிறது, கருவுற்றது பெண்ணாகிறது. ஆணிடம் ஒரே ஒரு தொகுதி குரோமோசோம்தான். அதனால் ஒரே தாய் தந்தைக்குப் பிறந்த சகோதரிகள் தமக்குள் நான்கில் மூன்று பங்கு மரபணு உறவுடையவர்கள். தாய்க்கும் மகளுக்கும் பாதிதான். சொந்தமாக மகளைப் பெறுவதைவிடத் தங்கையை வளர்ப்பது மரபணுக் கணக்கில் லாபம். பரிணாம உயிரியலாளர் ஹாமில்டன் 1964-இலேயே இதை விளக்கிவிட்டார்.

இந்தப் பாலின முறையின் எல்லையைப் பார்க்க வேண்டுமானால் ஆஸ்திரேலியாவின் மிர்மீசியா குரோஸ்லாண்டி எறும்பைப் பாருங்கள். ஆணுக்கு மொத்தமே ஒரு குரோமோசோம், பெண்ணுக்கு இரண்டு.

கணக்கன்மகள்

தளிர்நடை, அந்த விளக்கம் பாடநூல்களில் அழகாக இருக்கும், ஆனால் தனியாக நிற்காது. தங்கைகளோடு உறவு முக்கால் என்றால் தம்பிகளோடு கால்தான். இரண்டையும் சம அளவில் வளர்த்தால் சராசரி பாதி. சொந்தப் பிள்ளை பெறுவதைவிட ஒரு லாபமும் இல்லை. டிரைவர்ஸும் ஹேரும் 1976-இலேயே இதைக் காட்டினார்கள். ராணி பல ஆண்களோடு கூடினால் சகோதரிகளின் உறவும் குறைந்துவிடும்.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. இந்தப் பாலின முறை ரம்பப்பூச்சி முதல் எறும்புவரை வரிசை முழுவதற்கும் பொது. அப்படியிருந்தும் பெரும்பாலான இனங்கள் தனித்தே வாழ்கின்றன. மறுபுறம் கரையான்களுக்கு இந்த முறை கிடையாது. ஆண், பெண் இருவருக்கும் இரண்டு தொகுதி. ஆனாலும் பெருங்கூட்டங்களாக வாழ்கின்றன.

2008-இல் 267 இனங்களின் தரவுகளை வைத்துச் செய்த ஒப்பீடு இன்னும் உறுதியான ஒன்றைச் சொல்கிறது. கூட்டு வாழ்க்கைக்கு மாறிய எட்டு வம்சங்களிலும் ஆதி ராணி ஒரே ஓர் ஆணோடு கூடியவளாகவே இருந்திருக்கிறாள். ஒரே ஆணோடு கூடினால் உடன்பிறப்புகளின் சராசரி உறவு பாதி, சொந்தப் பிள்ளைக்குச் சமம். அந்தச் சமநிலையில், கூட்டைச் சேர்ந்து காப்பதில் சிறு நன்மை இருந்தாலும் போதும், உதவுவது நிலைத்துவிடும். கூடு கட்டி, இரை சேர்த்து, கொடுக்கால் காக்கும் தாய் ஏற்கெனவே இருந்தாள்.

தளிர்நடை

கரையானைச் சொன்னது நியாயம். என்றாலும் ஒரே வரிசையில் எட்டு முறை என்பதைத் தற்செயல் என்று என்னால் ஒதுக்கிவிட முடியாது. மகள்கள் மட்டுமே வேலைக்காரிகளாக இருப்பதற்கும் ஒரு காரணம் வேண்டும். கரையானில் ஆணும் வேலை செய்கிறது.

கணக்கன்மகள்

மகள்கள் மட்டும் என்பதற்கு எளிய காரணம் இருக்கிறது: தனித்து வாழும் குளவிகளிலேயே கூடு கட்டுவதும் இரை தேடுவதும் கொட்டுவதும் பெண்தான். ஏற்கெனவே கருவி உள்ளவள் வேலைக்காரியானாள். பாலின முறைக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. தாய் தன் முட்டையின் பாலினத்தைத் தானே தீர்மானிக்க முடிவது பெரிய வசதி. முக்கால் என்ற ஒற்றை எண்ணில் எல்லாவற்றையும் ஏற்றி வைப்பதைத்தான் ஏற்க மறுக்கிறேன்.

அம்பர்விழி

அந்த எட்டில் எறும்பு ஒன்று. இன்று உயிரோடு உள்ள எறும்பு இனங்கள் எல்லாம் கூட்டமாக வாழும் ஒரே மூதாதையிடமிருந்து வந்தவை. பிற எறும்புகளின் கூட்டில் ஒட்டி வாழும் சில இனங்கள் வேலைக்காரிகளை இழந்துவிட்டன, அது பின்னால் நடந்தது.

1967-இல் விவரிக்கப்பட்ட ஸ்ஃபெகோமிர்மா என்ற புதைபடிவ எறும்பு நியூ ஜெர்சியில் அம்பருக்குள் (கல்லாகிய மரப்பிசின்) கிடைத்தது, ஏறத்தாழ 9 கோடி ஆண்டுப் பழமை. குளவிக்குரிய குட்டையான தாடைகளும் எறும்புக்குரிய மார்புச் சுரப்பியும் ஒரே உடலில். 2025-இல் பிரேசிலின் கிராட்டோ பாறைகளிலிருந்து வல்கனிட்ரிஸ் என்ற எறும்பு அறிவிக்கப்பட்டது, 11.3 கோடி ஆண்டு. இதுவரை கிடைத்ததில் அதுவே மிகப் பழையது. அது நரக எறும்புகள் என்ற அழிந்துபோன கூட்டத்தைச் சேர்ந்தது. இன்றைய எறும்புகளின் தாடைகள் பக்கவாட்டில் அசையும், இவற்றின் தாடைகள் மேல்நோக்கி அசைந்தன. மியான்மர் அம்பர் ஒன்றில் அந்தக் கூட்டத்து எறும்பு இரையைக் கவ்விய நிலையிலேயே உறைந்திருக்கிறது. இன்று அந்த வடிவம் எங்கும் இல்லை.

புதியவன்77

வெல்வெட் எறும்பு என்று சிவந்த, மயிரடர்ந்த பூச்சி ஒன்றைப் படத்தில் பார்த்தேன். அது எறும்புக் கிளையில் எங்கே வரும்? கரையானும் இதே வரிசையா?

வளைகொம்பன்

வெல்வெட் எறும்பு எறும்பே இல்லை. முட்டில்லிடே என்ற குளவிக் குடும்பத்தின் சிறகில்லாத பெண். ஆணுக்குச் சிறகு உண்டு. கொடுக்கு மிக நீளம், தொடாதீர்கள். கரையான் கரப்பான்பூச்சிகளின் வரிசை, எறும்புக்கு உறவில்லை.

செவ்வந்தி

எல்லாருக்கும் நன்றி. படத்தை இப்படி மாற்றுகிறேன். அடியில் ரம்பப்பூச்சிகள் பல கிளைகளாக. பிறகு மரக்குளவி, அதன் மேல் ஒருசிடே. இடுப்பு தோன்றும் இடத்தில் ஒரு குறி. அங்கிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளின் அடர்ந்த கிளைகள். அவற்றின் நடுவிலிருந்து கொடுக்குள்ள வம்சம். அதில் நாம் பேசியவற்றுள் முதலில் வெஸ்பிடே பிரிகிறது. மேலே எறும்புகள் ஒருபுறம், ஏபாய்டியா மறுபுறம். ஏபாய்டியாவுக்குள் ஒரு சிறு கிளையாகத் தேனீக்கள். குளவி என்ற பெயரை எந்தக் கிளையிலும் எழுதாமல், இடுப்பு தோன்றிய இடத்திலிருந்து மேலே எல்லாவற்றுக்கும் பின்னணியில் மெல்லிய நிறமாகப் பூசலாம் என்று நினைக்கிறேன்.

வளைகொம்பன்

அந்தப் பின்னணி நிறம் எறும்பையும் தேனீயையும் சேர்த்தே மூடட்டும். அங்கே மட்டும் விட்டுவிட்டால் பழைய படமே திரும்பி வந்துவிடும். வெஸ்பிடேக்கும் எறும்புக்கும் நடுவே முட்டில்லிடேயும் அதன் உறவுகளும், பிறகு ஸ்கோலியிடே என்ற குளவிக் குடும்பமும் பிரிகின்றன. புதியவனின் கேள்வி மாணவர்களுக்கும் வரும், முட்டில்லிடேயைச் சேர்த்துவிடுங்கள்.

நிலத்துளி

கிளைகளின் தடிமனை இனங்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப வரையுங்கள். வெஸ்பிடே மொத்தம் 5,000 இனங்கள் அளவுக்குத்தான். இக்னூமோனிடே அதைப்போல் ஐந்து மடங்கு தடிமனாக வர வேண்டும். அனாகைரஸ் லோபெசியின் படம் தேவையென்றால் சொல்லுங்கள், அளவுகோலோடு வரைந்து அனுப்புகிறேன்.